தண்ணீர் போன வழி

குரு என்றால் தாடி வேண்டும், காவி வேண்டும், ஒரு ஆலமரமாவது வேண்டும் என்று எவன் சொன்னானோ தெரியாது. எங்கள் கரையில் ஒரு குரு இருந்தாள். நைட்டிக்கு மேல் முழுக்கைச் சட்டை. கையில் எந்நேரமும் ஒரு ஸ்பானர். பெயர் தெக்கிலா. விசைப்படகு இன்ஜினில் என்ன கோளாறு என்றாலும் துறைமுகத்து ஆட்கள் அவள் பட்டறைக்குத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

அவளிடம் சீடனாக வந்து சேர்ந்தவருக்கு அவளுடைய அப்பா வயது. பெயர் கஸ்பார். சொந்தமாக ஒரு விசைப்படகு வைத்திருந்தார். உழைப்பாளி. ஆனால் வாய் இருக்கிறதே, அது உளி. எங்கே வைத்தாலும் ஒரு சில்லுப் பெயர்த்துக்கொண்டுதான் வரும்.

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி, விசைப்படகுகளெல்லாம் கரையோரம் கட்டிக் கிடந்தன. கஸ்பார் தன் படகின் இன்ஜினை இறக்கி, வண்டியில் ஏற்றிக்கொண்டு பட்டறைக்கு வந்தார்.

"வச்சிட்டுப் போங்க மாமா. ஆனதும் சொல்லி அனுப்புதேன்" என்றாள் தெக்கிலா.

"நான் போகல. இங்ஙனதான் இருப்பேன். வேலையை எனக்குச் சொல்லிக்குடு."

"இந்த வயசுலயா?"

"வயசு என்ன வயசு? இனிமே எவன் கையிலயும் இன்ஜினக் குடுக்கதா இல்ல. ஓட்டுறதும் நானே, பாக்கதும் நானே. ஒருத்தன நம்பி நான் பட்டது போதும். அந்தப் பய பெலவேந்திரன்..."

தெக்கிலா ஸ்பானரைத் தூக்கிக் காட்டினாள். அவர் நிறுத்தினார்.

"மாமா, இந்தப் பட்டறையில ஒரு வழக்கம் உண்டு. இன்ஜினப் பத்தி எவ்வளவு வேணும்னாலும் பேசலாம். ஆளப் பத்திப் பேசப்படாது. சம்மதம்னா சட்டையக் கழட்டி ஆணியில மாட்டுங்க."

கஸ்பார் ஆணியைப் பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றி மாட்டினார்.

பட்டறைக்குள்தான் ஆளைப் பற்றிப் பேசக்கூடாது. நான் வெளியே நிற்கிறேன், நான் சொல்லலாம்.

பெலவேந்திரன் வேறு யாருமில்லை, கஸ்பாரின் தங்கை கித்தேரியின் புருஷன். கஸ்பாரின் படகுக்கு டிரைவராக இருந்தவன். தடைக்காலத்துக்கு முந்தின கடைசித் தங்கலில், அதாவது கடலிலேயே நாள்கணக்கில் தங்கி மீன் பிடிக்கப் போன நடையில், கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில், இன்ஜின் கொதித்துவிட்டது. உள்ளே இருந்த தண்ணீர் ஆவியாகப் போய்விட்டது. படகில் இருந்தது ஆட்கள் குடிக்கிற தண்ணீர் மட்டும், அதுவும் டிரம்மில் அடிமட்டம். அதை இன்ஜினுக்கு ஊற்றினால் ஆட்களுக்கு இல்லை. பெலவேந்திரன் கடல் தண்ணீரை மொண்டு இன்ஜினுக்கு ஊற்றினான். நின்று நின்று, ஊற்றி ஊற்றி, ஆட்களையும் படகையும் கரை சேர்த்தான். சேர்ந்தபோது இன்ஜின் செத்துப்போயிருந்தது.

கஸ்பார் அதை வீட்டில் வைத்துக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஏலக்கூடத்தில் வைத்துக் கேட்டார். மீன்காரிகள், ஐஸ்காரர்கள், மற்ற படகுக்காரர்கள் எல்லோரும் நிற்கும்போது கேட்டார்.

"கடல் தண்ணிய ஊத்தி என் இன்ஜினக் கொன்னுட்டான்! குடிக்கிற தண்ணிய ஊத்தினா என்னலே? ஒரு பகல் தாகத்துக்கு எவனும் செத்துப்போக மாட்டான்!"

"மச்சான், ரெண்டு மூணு தங்கலாவே சூடு ஏறுதுன்னு நான்தான் சொன்னேம்லா?" என்றான் பெலவேந்திரன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!" என்றார் கஸ்பார். கூடம் முழுக்கச் சிரித்தது.

சிரிப்பு என்றால் அப்படிச் சிரிப்பு. துறைமுகத்தில் ஒருவனுக்கு இன்ஜினைக் கொன்றவன் என்று பெயர் விழுந்துவிட்டால் அப்புறம் எந்தப் படகிலும் அவனுக்கு இடம் கிடையாது. மனைவியின் நகையை அடகு வைத்து இன்ஜின் வாங்கினவன் அவனை எப்படி ஏற்றுவான்? தடைக்காலம் முடிந்தபின் வருகிறாயா என்று பெலவேந்திரனை ஒருவர் கூடக் கேட்கவில்லை. அவன் ஐஸ் கம்பெனியில் பாளம் தள்ளப் போனான். கித்தேரி அண்ணன் வீட்டு வாசல் மிதிப்பதை விட்டுவிட்டாள்.

இதில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். கஸ்பாருக்கு அந்த இன்ஜின் மேல் உயிர். படகு கடலுக்குக் கிளம்பும்போதெல்லாம், வீட்டிலிருந்து கேனில் தண்ணீர் சுமந்துகொண்டு வருவார். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, இன்ஜினின் மேல்மூடியைத் திறந்து, தன் கையாலேயே ஊற்றுவார். வேறு யாரையும் விடமாட்டார். "என் கையால ஊத்தினாத்தான் ராசி" என்பார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்குப் பால் கொடுப்பது போல அவ்வளவு கவனமாக ஊற்றுவார்.

இனி பட்டறைக்குள் போவோம்.

தெக்கிலா இன்ஜினின் பக்கத் தகடுகளைக் கழற்றினாள். உள்ளே தண்ணீர் ஓடுகிற பாதையெல்லாம் வெள்ளை வெளேரென்று அடைத்துக் கிடந்தது. விரல் போக வேண்டிய இடத்தில் ஈர்க்குச்சி போகவில்லை.

"சேசுவே!" என்றார் கஸ்பார். "பாத்தியா பிள்ள? கடல் தண்ணி பண்ணின வேலையப் பாத்தியா?"

"பாத்தேன்."

"இதச் செஞ்சவன..."

"மாமா."

அவர் வாயை மூடிக்கொண்டார்.

"மொதல்ல என்ன செய்யணும்?" என்று கேட்டார்.

"தகட்ட மாட்டிட்டுத் தண்ணி ஊத்தணும்."

"என்ன தண்ணி?"

"குடிக்கிற தண்ணி."

பட்டறை மூலையில் குடிதண்ணீர் கேன்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றாகச் சூடாக்கி ஊற்றினார்கள். கீழே ஒரு குழாய் வழியாக வடிய வேண்டும். அதன் வாயில் கட்டை விரலை வைத்து, நூல் போல விடச் சொன்னாள்.

"விரல எடுத்திராதீங்க மாமா. எடுத்தா ஒரேயடியா ஓடிரும். அப்புறம் மொதல்லருந்து ஆரம்பிக்கணும்."

வடிந்ததில் ஒரு சொட்டை அவர் நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னாள்.

"கரிக்குது" என்றார்.

"கரிக்கட்டும். விடுங்க."

தகரக் கூரை. சித்திரை வெயில். கஸ்பார் குத்துக்காலிட்டுக் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தார். உச்சிப் பொழுதுக்கெல்லாம் முதுகில் வேர்வை ஆறாக ஓடியது.

"பிள்ள, ஒரு செம்பு தண்ணி குடு."

"இல்ல மாமா."

"என்ன இல்ல?"

"தண்ணி. இன்ஜினுக்கு ஊத்தியாச்சு."

விளையாடுகிறாள் என்று நினைத்துத் திரும்பினார். கேன்கள் எல்லாம் கவிழ்ந்து கிடந்தன.

"அப்ப நான் டீக்கடைக்குப் போயிக் குடிச்சிட்டு வாரேன்."

"விரல எடுத்தா மொதல்லருந்து ஆரம்பிக்கணும் மாமா."

கஸ்பார் வீம்பு பிடித்த ஆள். உட்கார்ந்துவிட்டார். வெயில் கூரையிலிருந்து இறங்கி வந்து தலையில் உட்கார்ந்தது. எச்சிலை விழுங்கிப் பார்த்தார், விழுங்க எச்சில் இல்லை. கைக்குள்ளேயே தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது, ஒரு வாய் குடிக்க முடியாது. பொழுது சாய்ந்தபோது அவருக்கு உதடு வெடித்திருந்தது.

"நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிட்டு, பிள்ள. கண்ணு இருட்டுது."

தெக்கிலா வேலையிலிருந்து தலை நிமிரவில்லை.

"ஒரு பகல்தானே மாமா" என்றாள்.

கஸ்பார் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் யார் பெயரையும் எடுக்கவில்லை. பட்டறை வழக்கத்தை அவளும் மீறவில்லை.

குழாய் வடிந்து முடிந்ததும் பின்வீட்டுக்குப் போய் ஒரு பெரிய செம்பில் பானைத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் மூச்சு விடாமல் குடித்தார். செம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது அவளை நேரே பார்க்கவில்லை.

மறுநாளிலிருந்து அவளைப் பிள்ளை என்று கூப்பிடுவதை நிறுத்தினார். மேஸ்திரி என்று கூப்பிட்டார்.

இன்னும் ஒரு அலசு அலசினார்கள். வடிந்ததை மறுபடி நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"சப்புன்னு இருக்கு மேஸ்திரி."

"அப்பக் கடல் போயிருச்சு."

"அவ்வளவுதானா?"

"உப்புக்கு அவ்வளவுதான். நல்ல தண்ணியக் கண்டா கரைஞ்சு போயிரும்."

தெக்கிலா தகட்டைத் திறந்து டார்ச் அடித்தாள். உள்ளே வெள்ளை அப்படியே இருந்தது. சுவருக்குக் காரை பூசினது போல, ஒரு பொடி கூட உதிராமல் இருந்தது.

"பின்ன இது என்ன மேஸ்திரி?"

"இது சுண்ணாம்புக் காரை. கடல் தண்ணி ஒரு நாள் ஊத்தினா இப்படிப் பிடிக்காது."

"அப்ப எப்படி வந்துது?"

"கரையும்போது தெரியும்."

கஸ்பாருக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் வரும்போது மடியில் ஒரு பாட்டில் கொண்டுவந்தார். கக்கூஸ் கழுவுகிற ஆசிட்.

"இத ஊத்தினா ஒரு மணி நேரத்துல எல்லாம் போயிரும். எதுக்கு இந்தப் பாடு?"

தெக்கிலா மறுப்புச் சொல்லவில்லை. குப்பையில் கிடந்த பழைய இன்ஜின் அலுமினிய மூடி ஒன்றை எடுத்துத் தரையில் வைத்தாள். அதன் மேலும் இதே போலக் காரை பிடித்திருந்தது.

"ஊத்துங்க."

ஊற்றினார். புஸ்ஸென்று நுரைத்துக்கொண்டு புகை வந்தது. இரண்டு பேரும் வெளியே போய் நின்றார்கள். திரும்பி வந்து பார்த்தபோது காரையைக் காணோம். மூடி, கரையான் தின்ற பனையோலை மாதிரி ஓட்டை ஓட்டையாகக் கிடந்தது.

"காரை போயிருச்சு மாமா" என்றாள் தெக்கிலா.

கஸ்பார் பாட்டிலை இறுக்கி மூடி, கொண்டுபோய்ச் சுவரோரம் வைத்தார்.

தெக்கிலா ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள். எலுமிச்சை உப்பு. சர்பத்துக்குப் போடுவார்களே, அதேதான்.

"என்ன மேஸ்திரி, இன்ஜினுக்குச் சர்பத்தா போடப்போறோம்?"

"ஆமா. வெயில்காலம்லா."

சுடுதண்ணீரில் கரைத்தார்கள். அதை மருந்து என்றுதான் அவள் சொல்வாள். ஊற்ற வேண்டிய மேல்மூடி இன்ஜினின் உச்சியில் இருந்தது. பெஞ்சில் ஏறி, வாளியைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும். கஸ்பாருக்குத் தோள்பட்டை ஏற்கெனவே தகராறு. கீழே பக்கவாட்டில் ஒரு ஹோஸ் திறந்தே இருந்தது, கைக்கு எட்டுகிற உயரம். அதில் புனலை வைத்தார்.

"அதுல வேண்டாம்" என்றாள்.

"எங்கிட்டு ஊத்தினா என்ன? எல்லாம் உள்ளதானே போகுது?"

"தண்ணிய எந்த வாய்ல ஊத்தி வந்தீங்க?"

"மேல்வாய்ல."

"அந்த வாய்ல போன தண்ணிதான் எங்கெங்கயும் சுத்தி அங்கங்க காரையாப் பிடிச்சிருக்கு. மருந்தும் அதே வாய்லதான் போகணும். அப்பத்தான் அது போன இடமெல்லாம் இதுவும் போகும். சந்துல ஊத்தினா சந்து மட்டும்தான் சுத்தமாகும்."

கஸ்பார் புனலை எடுத்தார். முனகிக்கொண்டே பெஞ்சில் ஏறினார்.

ஊற்றுவது, ஊறவைப்பது, வடிப்பது, மறுபடியும் ஊற்றுவது. நாட்கள் இப்படிப் போயின. காலையில் வந்ததும் கஸ்பார் கேட்பார், "இன்னைக்கு முடிஞ்சிருமா மேஸ்திரி?"

"நீங்க கேக்கீங்கன்னு சீக்கிரம் கரையுமா?"

ஒரு நாள் முற்பகல், பட்டறை வாசலில் ஒரு மூன்று சக்கர வண்டி நின்றது. உமி மூடிய ஐஸ் பாளங்கள். தள்ளிக்கொண்டு வந்தவன் பெலவேந்திரன். தோளில் சாக்கு, கையெல்லாம் வெளிறிப் போயிருந்தது. கஸ்பார் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு நட்டைத் துடைக்க ஆரம்பித்தார்.

பெலவேந்திரன் அவரைப் பார்க்கவில்லை. இன்ஜினைப் பார்த்தான். பிள்ளையை ஆஸ்பத்திரியில் பார்க்கிற தகப்பன் அப்படித்தான் பார்ப்பான்.

"தெக்கிலா, பின்னால ரெண்டு சிலிண்டரையும் நல்லாப் பாரு. அங்ஙனதான் மொதல்ல சூடு ஏறும். எத்தனையோ தடவ கைய வச்சுப் பாத்திருக்கேன்" என்றான்.

"சரிண்ணே."

வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான். போன வழியெல்லாம் ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டு போயிற்று. கஸ்பார் அந்த நட்டை நெடுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். அது எப்போதோ சுத்தமாகியிருந்தது.

அதற்கு மறுநாள், பின்பக்கத்துச் சிலிண்டர் ஓரத்துத் தகட்டைக் கழற்றியபோது ஒரு சில்லு பெயர்ந்து விழுந்தது. உள்ளங்கை அகலம், நல்ல கனம். தெக்கிலா அதை எடுத்துக் கஸ்பாரிடம் கொடுத்தாள்.

"உடச்சுப் பாருங்க."

உடைத்தார். உடைந்த விளிம்பில் கோடு கோடாகத் தெரிந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக, வெங்காயத் தோல் போல, மெல்லிசு மெல்லிசாக.

"என்ன மேஸ்திரி இது, ஏடு ஏடா இருக்கு?"

"ஒவ்வொரு தடவயும் தண்ணி ஊத்தி, சூடாகி, ஆறும்போது ஒரு ஏடு."

அவர் நகத்தால் அந்தக் கோடுகளைத் தொட்டுப் பார்த்தார். எண்ணப் பார்த்தார், எண்ணிக்கை தப்பியது.

"இது ஒரு நாள் வேலை இல்லியே."

"இல்ல."

"வருசக்கணக்கா யாரோ ஊத்தியிருக்கணும்."

"ஆமா."

"யாரு மேஸ்திரி?"

தெக்கிலா ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "பட்டறையில ஆளப் பத்திப் பேசப்படாது மாமா."

கஸ்பார் அந்தச் சில்லை மடியில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போனார்.

வீட்டில் அவர் மனைவி சவேரியம்மாள் இட்லிக் கொப்பரையை வெளுக்கத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வழக்கமாக அவள் என்ன தேய்க்கிறாள் என்று அவர் பார்த்ததே கிடையாது. அன்றைக்குப் பார்த்தார். கொப்பரையின் அடியில் வெள்ளையாக ஒரு வளையம் ஒட்டியிருந்தது. அவள் புளியை வைத்து அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அது என்னது?"

"நேத்துத் தண்ணிக்குள்ள புளி போட மறந்துட்டேன். அதான் பிடிச்சுக்கிட்டு."

"எது?"

"எதுன்னா? நம்ம போர் தண்ணிதான். இந்தத் தண்ணியில பருப்பு வேகுமா, சோப்பு நுரைக்குமா? புளி போடாம ஏத்தினா அடியில கல்லாப் பிடிச்சுக்கிடும். கட்டிக்கிட்டு வந்த நாள்லருந்து இதோட மல்லுக்கட்டிக்கிட்டுக் கிடக்கேன். நீங்க அடுப்படிப் பக்கம் எட்டிப் பாத்தாத்தானே தெரியும்?"

கஸ்பார் மடியை அவிழ்த்தார். சில்லை எடுத்துக் கொப்பரை அடியில் வைத்துப் பார்த்தார். அதே வெள்ளை. அதே சொரசொரப்பு. கொப்பரையில் இருந்தது ஒரு ஏடு. கையில் இருந்தது அத்தனை ஏடு.

சுவரோரம் அந்தக் கேன் இருந்தது. கடலுக்குப் போகும்போதெல்லாம் நிரப்பிக்கொண்டு போகிற கேன்.

"என்னங்க, ஏன் முகம் இப்படிப் போச்சு?" என்று கேட்டாள் சவேரியம்மாள்.

"என் கையால ஊத்தினேனே" என்றார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

காலையில் பட்டறைக்கு வந்தார். இன்று முடியுமா என்று கேட்கவில்லை. மருந்தைக் கரைத்தார், பெஞ்சில் ஏறினார், மேல்வாயில் ஊற்றினார், உட்கார்ந்து வடித்தார். அதற்கப்புறம் வந்த நாட்களில் பட்டறையில் தண்ணீர் சத்தம் மட்டும்தான் கேட்டது.

ஒரு வழியாக ஒரு சாயங்காலம், வடிந்தது தெளிவாக வந்தது. சோடா உப்பு கலந்து ஒரு அலசு அலசி, மருந்தின் புளிப்பை எடுத்தார்கள். தெக்கிலா தகட்டைத் திறந்து டார்ச் அடித்தாள். இரும்பு தன் நிறத்தில் இருந்தது. சுண்டு விரல் தாராளமாகப் போய் வந்தது.

நல்ல தண்ணீர் நிரப்பி, பட்டறையில் வைத்தே இன்ஜினை ஓட விட்டார்கள். பழைய சத்தம் வந்தது. கஸ்பார் பின்பக்கத்துச் சிலிண்டர் மேல் கையை வைத்தார். வைத்தபடியே நின்றார். கை சுடவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைத் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

தெக்கிலா இன்ஜினை நிறுத்தினாள்.

"மேஸ்திரி."

"சொல்லுங்க மாமா."

"வேலை முடிஞ்சுதுல்லா? இனி ஆளப் பத்திப் பேசலாமா?"

"பேசலாம்."

"அது நான் ஊத்தின தண்ணி."

"ஆமா."

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"மொத நாள் தகட்டக் கழட்டினப்பவே."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொல்லியிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

பொய் சொல்லக் கஸ்பாருக்கு மனசு வரவில்லை.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்னு சொல்லியிருப்பேன்."

தெக்கிலா சிரிக்கவில்லை. சாமான்களைப் பெட்டியில் எடுத்து வைத்தாள்.

"சூடு ஏறுதுன்னு எங்கிட்டச் சொன்னான் மேஸ்திரி. ஒரு தடவயில்ல. நான் காது குடுக்கல. இன்ஜினச் சாகடிச்சது நான். ஆளுங்களக் காப்பாத்திக் கொண்டு வந்தவன் அவன். அவன் சோத்துல நான் மண்ண அள்ளிப் போட்டேன். அதுவும் யாரு? கூடப் பொறந்தவ புருசன்."

அவர் ஆணியிலிருந்து சட்டையை எடுத்து மாட்டினார்.

"நான் ஒரு முடிவு பண்ணிட்டேன். இருட்டினதும் கித்தேரி வீட்டுக்குப் போறேன். ஊருல நாலு பேரு பாக்க வேண்டாம், பின்வாசல் வழியாப் போயிருதேன். கதவச் சாத்திக்கிட்டு மாப்பிள கையப் பிடிச்சு, நான் சொன்னதெல்லாம் தப்பு, மனசுல வச்சுக்கிடாதலேன்னு சொல்லிருதேன். கால்ல விழச் சொன்னாலும் விழுந்திருதேன். சரிதானே மேஸ்திரி?"

தெக்கிலா பெட்டியை மூடினாள். கைத் துணியால் விரல் விரலாகத் துடைத்தாள்.

காற்று கடல் பக்கமிருந்து அடித்தது. தடை இல்லாத நாட்டுப்படகுகள் கரை திரும்பியிருந்தன. ஏலக்கூடத்தில் விலை கூவுகிற சத்தம் பட்டறை வரைக்கும் கேட்டது. இந்நேரம் அங்கே எல்லோரும் இருப்பார்கள். மீன்காரிகள் இருப்பார்கள், படகுக்காரர்கள் இருப்பார்கள். ஐஸ் தள்ளுகிறவனும் இருப்பான்.

"மாமா" என்றாள் தெக்கிலா. "மருந்த எந்த வாய்ல ஊத்தினோம்?"

கஸ்பார் மடித்துக் கட்டியிருந்த சாரத்தை இறக்கிவிட்டுக்கொண்டு, ஏலக்கூடத்தைப் பார்த்து நடந்தார்.